பதினேழாம் எண்ணின் கால்கள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், அதையே நலம் என்று வைத்துக்கொள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாயா என்று எழுது. போனில் எதைக் கேட்டாலும் ம் என்கிறாய். சின்னவன் பேச்சை எடுத்தால் மட்டும் லைன் சரியில்லை அம்மா என்கிறாய். போன மாதம் கவனித்துக்கொண்டே வந்தேன், நாலு தடவையும் அவன் பேச்சு வந்தபோதுதான் லைன் கெட்டது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நேராகக் கேட்க வாய் வரவில்லை, வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, எதிர்வீட்டுக்காரர் வாஷர் மாற்றிக் கொடுத்தார். நான் தையல் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், அதே காஜா எடுக்கிற வேலைதான், ஒரு நாளைக்குப் பதினைந்து சட்டை முடிக்கிறேன். முதலாளி முதல் வாரம் என்னிடம் கோயிலில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திப் பேசினார், இப்போது பழையபடி கத்துகிறார், அதுவே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. சித்தி பத்து நாள் துணைக்கு இருந்தாள். துக்கம் கேட்க வந்தவள் அலமாரியெல்லாம் பிரித்து அடுக்கிவிட்டுப் போனதில் இப்போது ஒரு டப்பாவும் கைக்கு அகப்படவில்லை. போகும்போது, "அக்கா, எதுலயும் படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடாதே" என்று எனக்குப் புத்தி வேறு சொன்னாள். அவளுக்கு எழுத்தே தெரியாது, ஆனாலும் அவள் சொன்னது சரிதான். அதற்குள் நான் போட்டுவிட்டிருந்தேன்.

எதில் என்று கேட்பாய். தம்பி ஓடும்போதே விழுந்து போய்ச்சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, நீயும் அப்போதுதான் விமானம் ஏறியிருந்தாய். தம்பியை ஓடவிட்டு டெஸ்ட் எடுத்துவந்த அந்த ஓட்ட ஆராய்ச்சிக்கூடத்துப் பெரியவர், சோடாப்புட்டிக் கண்ணாடிக்காரர், ஒரு கூடைப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவரே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். கடைசியாக டெஸ்ட் எடுத்த பெண் இருதயத் துடிப்பு பதிகிற தாளைச் சரியாகப் பார்க்கவில்லை, அவளுடைய கவனக்குறைவால்தான் என் மகன் இறந்தான், அவள்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்வதாக அதில் இருந்தது. எனக்கு யார்மேலாவது பழி போட்டால் போதும் என்றிருந்தது, போட்டேன். உனக்குப் போனில் சொன்னபோது, "நல்லது பண்ணினம்மா, இனிமே அந்தப் பக்கமே போகாதே" என்றாய். அவ்வளவு வேகமாக நீ எதற்கும் பதில் சொன்னதில்லை. வரும் இருபதாம் தேதி விசாரணை. என் கையெழுத்தை வைத்துத்தான் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், இனி எந்தக் கூடத்திலும் அவள் இந்த வேலை செய்யமுடியாதாம்.

பத்து நாளைக்கு முன் அவள் தையல் கடைக்கே வந்தாள். பட்டன் தைக்க வேண்டும் என்று ஒரு சட்டையை நீட்டினாள், பார்த்தால் அதில் எல்லாப் பட்டனும் இருக்கிறது. யாரும்மா நீ என்றேன். சொன்னாள். சட்டையை அவள் கையிலேயே திணித்து வெளியே போ என்றேன். அவள் போகவில்லை. "திட்டுங்கம்மா, திட்டி முடிங்க, அப்புறம் ரெண்டு வார்த்தை கேளுங்க" என்று மெஷின் பக்கத்திலேயே நின்றாள். உன்னைவிட இரண்டு வயது குறைவாகத்தான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரமாம், தினமும் டெஸ்ட் எடுக்கிறவர் மனைவிக்குப் பிரசவம் என்று லீவில் போனதால் அன்றைக்கு இவளை விட்டார்களாம். "அந்தத் தாள் சுத்தமாத்தாம்மா இருந்துச்சு, டாக்டருங்க ரெண்டு பேரு திருப்பிப் பாத்தும் சுத்தமாத்தான் இருக்குன்னாங்க, அதனால இப்ப நான் வேற யாரோட தாளையோ செருகிட்டேன்னு சொல்றாங்க" என்றாள். தம்பியைத் திறந்து பார்த்த டாக்டர், காய்ச்சலால் இருதயத்தில் புண் ஏற்பட்டு இரண்டு மாதமாவது ஆகியிருக்கும், ஓடவிட்டுப் பார்த்திருந்தால் தாளில் தெரியாமல் போயிருக்காது என்று சொன்னது உனக்கும் தெரியும். அவன் போவதற்கு மூன்று வாரம் முன்னால்தான் டெஸ்ட். பிறகு எப்படிச் சுத்தமாக இருக்கும்? இவள் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். "நான் கேட்டா ஃபைலைக் காட்ட மாட்டாங்க, பெத்தவங்க நீங்க கேட்டா மறுக்க முடியாது, வந்து உங்க கண்ணால பாருங்க" என்றாள். பொய்யைப் பிடித்துவிடலாம் என்றுதான் போனேன்.

அந்த இடத்தை நீ பார்த்ததில்லை என்று சொல்லியிருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். நீள அறை, ஆஸ்பத்திரியும் இல்லை விளையாட்டு மைதானமும் இல்லை, இரண்டும் கலந்த வாசனை. நடுவில் ஓடுகிற பெல்ட் மெஷின், மேலிருந்து தொங்கும் மாஸ்க், அதிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். இன்னொரு பக்கம் முப்பது மீட்டருக்கு ரப்பர் பாதை, இரண்டு ஓரமும் விளக்குக் கம்பம், அதைத் தாண்டுகிற நேரத்தை மெஷினே குறித்துக்கொள்ளும். கண்ணாடிக்காரர் என்னை உட்காரவைத்துக் கம்ப்யூட்டரைத் திருப்பினார், அந்தப் பெண் கதவோரம் நின்றாள், உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. அவர்கள் ஆறு வருஷமாகத் தேடுவது ஒரே விஷயமாம். குறைந்த தூரம் பாய்ந்து ஓடுகிற வேகம் ஒரு பக்கம், நெடுநேரம் மூச்சுவாங்காமல் தாங்குவது ஒரு பக்கம், பாய்கிறவனைத் தாங்குகிறவனாகவும் மாற்ற முடியுமா என்பதுதான் ஆராய்ச்சியாம். அவர் இரண்டு கோட்டைக் காட்டினார். ஒன்று சரசரவென்று இறங்கியிருந்தது, ஒன்று ஏறியிருந்தது. "பாருங்கம்மா, உங்க பையன் ஆறே வாரத்துல வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்குடுத்து தாக்குப்பிடிக்கிற சக்திய எவ்வளவு ஏத்தியிருக்கான், பதினேழாம் நம்பர் எங்களுக்குக் கெடைச்ச முத்தும்மா, இருதயத் தாள்ல மட்டும்தான் தப்பு, மத்ததெல்லாம் அப்பழுக்கில்லாத கணக்கு" என்றார். பெயரே சொல்லமாட்டார்கள், ஒவ்வொருத்தனுக்கும் ஒரு எண்தான், இரகசியம் காப்பதற்காம். அந்தக் கணக்கு ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம். தப்பு முழுக்க அந்தப் பெண் தலையில் விழுந்தால்தான் அவர் கணக்கு நிற்கும், பழக்கூடை எதற்கு வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆனால் நான் அந்த இரண்டு கோட்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பாய்ச்சலில் மந்தம், தாங்குவதில் கல். கடைக்கு அனுப்பினால் சின்னவன் நான் சொல்லி முடிக்கும் முன் திரும்பி வந்து வாசலில் மூச்சுவாங்கி உட்காருவான். பத்துத் தெரு நடந்து போய்விட்டு வந்தும் முகத்தில் வேர்வை இல்லாமல் நிற்பவன் வேறு ஒருத்தன். ஆறு வாரத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையாக மாறிவிடுவானா? படித்தவர்களுக்கு அது மாறும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் அவர்கள் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஓடிய படம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் முகம் வராது, இடுப்புக்குக் கீழேதான் எடுப்போம் என்று போட்டுக் காட்டினார். பெல்ட்டின்மேல் இரண்டு கால்கள் ஓடின. தம்பியின் ஷூதான், தம்பியின் டவுசர்தான். ஆனால் வலது குதிகால் ஒவ்வொரு எட்டுக்கும் உள்பக்கமாக வீசி இடது கணுக்காலை உரசிக்கொண்டே போனது. கண்ணாடிக்காரர் அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார், களைப்பினால் காலில் ஏற்பட்ட மாற்றம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். பெரியவனே, பள்ளிக்கூடம் போன பத்து வருஷமும் உன் பேண்ட்டில் இடது கால் உள்விளிம்பு மட்டும் கிழிந்து கிழிந்து வரும், நான் பட்டைத் துணி வைத்துத் தைத்துத் தைத்து என் விரலே மரத்துப்போனது. தம்பியின் பேண்ட்டில் ஒருநாளும் அந்த இடம் கிழிந்ததில்லை. களைப்பாம்!

இன்னொன்றும் கேட்டேன், டெஸ்ட்டில் ஊசி போடுவீர்களா என்று. அந்தப் பெண்தான் கதவோரத்திலிருந்து சொன்னாள், ஊசி இல்லைம்மா, காது மடலில் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம், தசை எவ்வளவு களைத்திருக்கிறது என்று பார்க்க. டெஸ்ட் நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை நீ விசா ஆபீசுக்குப் போகிறேன் என்று தம்பியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாய். திரும்பி வந்து மூன்று தட்டு சாப்பிட்டாய், மாடிப்படியில் பக்கவாட்டாக ஏறினாய். விசா ஆபீசில் ஓடவிட்டார்களாடா என்று நான்கூடக் கேட்டேன், நீங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தீர்கள். உன் காது மடலில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. கொசு என்றாய். முகத்தில் பாதி மாஸ்க், உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே உடம்பு வாகு, ஒரே தாடி, கையில் பதினேழு என்ற பட்டை, புதிதாய் வந்த பெண். அவளுக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்ததும், "என்னம்மா, எதாவது தெரிஞ்சுதா, உங்க மொகமே சரியில்லையே" என்று என் கையைப் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லைம்மா, எனக்கென்ன படிப்பா இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். தம்பிக்காக அழுததா, அவளிடம் பொய் சொன்னதற்கா, உன்னைச் சந்தேகப்பட்டதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

இனி நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காய்ச்சல் விட்ட மறுவாரம் சின்னவன் சமையலறையில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அப்படியே சுவரில் சாய்ந்து சரிந்தான். ஒரு நிமிஷம் பேச்சுமூச்சில்லை. எழுந்ததும், "அம்மா, கோச்சுக்குத் தெரிஞ்சா அணியிலருந்து தூக்கிடுவாங்க, அண்ணன்கிட்டயும் சொல்லாதே, யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினான். நான் மூச்சு விடவில்லை. முட்டை கொடுத்தேன், பால் கொடுத்தேன், உடம்பு தேறிவிடும் என்று நினைத்தேன். உன்னிடம் அவன் என்ன சொல்லிக் கெஞ்சினான் என்று எனக்குத் தெரியாது. காய்ச்சல் அசதி, இந்த ஒரு தடவை மட்டும் நீ ஓடு என்றிருப்பான். உன்னிடம் மயக்கத்தைச் சொல்லவில்லை, என்னிடம் டெஸ்ட்டைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் கூடிப் பேசியிருந்தால் பிடித்து நிறுத்தியிருப்போம் என்று அவனுக்குத் தெரியும், அதனால் நம்மைத் தனித்தனியாகப் பிடித்தான். கெட்டிக்காரன். ஓடவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அவன் ஓடும் அழகை நினைத்தால் இப்போதும் என்னால் அவன்மேல் கோபப்பட முடியவில்லை.

சந்தேகம் ஒரு கெட்ட பழக்கம் ராசா, ஒரு தடவை பிடித்தால் எல்லாவற்றிலும் அதுதான் தெரிகிறது. கண்ணாடிக்காரரைச் சந்தேகப்பட்டேன், அந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன், பழத்தைக்கூடச் சந்தேகப்பட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். உன்மேல் வந்ததும் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒருத்தனைப் பறிகொடுத்துவிட்டு, இதைக் கேட்டு மற்றவனையும் தொலைத்துவிடுவேனோ என்று பயம். ஆனால் கேட்காமலும் உன்னிடம் நான் சரியாகப் பேச முடியாது, உன் குரலில் வேறு எதையோ தேடிக்கொண்டே இருப்பேன். அதனால் கேட்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை பெல்ட்டில் ஓடியது நீதானே? இல்லை என்று எழுதினால் நம்புகிறேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் நம்பமாட்டேன், அந்தக் கால்களை நான் பெற்றிருக்கிறேன்.

இருபதாம் தேதி நான் போகிறேன். என் கையெழுத்தைத் திரும்பக் கேட்பேன். அவன் மயங்கி விழுந்ததை நான் மறைத்தேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன், அவர்கள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி. உன் பெயரை நான் சொல்லமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. ஆனால் நான் சொல்வது மட்டும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றாது, அந்தத் தாள் யாருடையது என்று தெரியும்வரை அவள்தான் பொய்க்காரி. நீ ஒரு தாளில் உன் கைப்பட எழுதி அனுப்பினால் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இருபதுக்குள் வந்து சேர வேண்டும். உனக்கு அதனால் அங்கே ஏதாவது வருமோ என்று விசாரித்தேன், கேட்கத் தெரிந்த ஆள் ஒருத்தரும் அகப்படவில்லை. வந்தால் வரட்டும், நான் இருக்கிறேன். நீ உன் தம்பியைக் கொல்லவில்லை. நானும் கொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் அவன் கேட்டதைக் கொடுத்தோம், அவ்வளவுதான் செய்தோம், அதைச் சொல்ல நமக்கு வாய் வர வேண்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேலையில் யாரோடும் வம்பு வைத்துக்கொள்ளாதே. நீ தீர்க்காயுசாக, பிள்ளைகுட்டி பெற்று, மனசில் பாரம் இல்லாமல் நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சாப்பிட்டுவிட்டு இந்தக் கடிதத்தைப் படி என்று முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். படித்துவிட்டாய் என்றால் பரவாயில்லை, எழுந்து போய் ஏதாவது சாப்பிடு, பிறகு பேனாவை எடு.

என்றைக்கும் உன் பக்கத்தில் நிற்கும்,
அம்மா