பாதிச் சுற்று

மார்ச் 4, செவ்வாய்

வெள்ளிக்கிழமை அட்டவணை அச்சுக்குப் போகிறது. ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள் அறுநூற்று நாற்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் வகை, சுற்றுக் காலம். மூன்று வருட வேலை. முகப்பில் சந்திரமோகன் சார் பெயருக்கு அடுத்து என் பெயர். இம்மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது; அட்டவணை நேரத்துக்கு வந்தால்தான் நீட்டிப்பு என்று சார் சொல்லிவிட்டார். கண் எரிகிறது.

மார்ச் 5

ஐயோ.

மார்ச் 6

நேற்று எழுத முடியவில்லை. விஷயம் இதுதான். கடைசிச் சரிபார்ப்பில் ஒரு நட்சத்திரத்தின் வரைபடத்தைச் சும்மா இரண்டு மடங்கு காலத்துக்கு விரித்தேன். ஒரு பள்ளம் ஆழம், அடுத்தது கொஞ்சம் மேலே, மறுபடி ஆழம். ஒற்றை நட்சத்திரம் உப்பி வற்றுகிறது என்று எழுதி வைத்திருக்கிறேன். இல்லை — அது இரண்டு நட்சத்திரங்கள், ஒன்றையொன்று மறைத்துச் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு இரண்டு பள்ளம். கணினி முதல் பள்ளத்தோடு சுற்று முடிந்ததாக எண்ணிப் பாதிக் காலத்தைத் தந்துவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் இரட்டித்துக் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் முந்நூறுக்குப் பார்த்தேன். அப்புறம்? அலுத்துப்போய் விட்டுவிட்டேன். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

இன்று இருபது எடுத்துப் பார்த்ததில் நான்கு தப்பு.

சாரிடம் சொன்னேன். "நக்கோம்மா, வேணாம், இப்ப தொடாதே. யாரு பாக்கப் போறாங்க? அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

யாரும் பார்க்கமாட்டார்கள்தான். அந்தச் சுற்றுக் காலத்தை நம்பி எடுத்து நட்சத்திரத்தின் தூரத்தைக் கணக்குப் போடுவார்கள். அதுதானே பயமே.

மார்ச் 7

பட்டான்செரு ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் இவர் வந்ததும் கொட்டித் தீர்த்தேன். "அனுப்பிட்டு வேலையைக் காப்பாத்திக்கோ உஷா. தூக்கம் வராதுன்னா நிறுத்திடு. ரெண்டுக்கும் நடுவுல நின்னு என்னை வறுக்காதே," என்றார். சரிதான்.

பதினோரு மணிக்குச் சாரிடம் எழுதிக் கொடுத்தேன்: என் பட்டியலை அனுப்ப வேண்டாம்.

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிறே," என்றார் சார்.

மார்ச் 19

இரட்டித்துப் பார்க்காமல் விட்ட முந்நூற்று நாற்பத்தொன்றில் இருநூறு முடிந்தது. கழுத்து வலி.

மார்ச் 31

முந்நூற்று நாற்பத்தொன்றையும் பார்த்துவிட்டேன். அறுபத்திரண்டு தப்பு! திருத்தி ஒப்படைத்தேன். நீட்டிப்பு இல்லை. அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். குகட்பள்ளி வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் ஒரு பிஸ்கட் கொடுத்தாள்.

ஜூலை 14

அட்டவணை வெளிவந்துவிட்டது. முகப்பில் என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்து நன்றியில், பிரிண்டர் ரிப்பேர் பார்த்தவருக்கு அடுத்து இருக்கிறேன்.

சாயங்காலம் சார் போன். "கோபம் இருக்கும், ஹவ்மா, ஆமா, தெரியும். புதுசா ஒரு தொகுதி வந்திருக்கு. இங்க யாருக்கும் இரட்டிச்சுப் பாக்கப் பொறுமை இல்ல. வீட்டிலேருந்தே பாத்துக் குடுக்கிறியா? பேர் விஷயம்... இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நாலு மாதமாக வைத்திருந்தேன்.

"எத்தனை நட்சத்திரம் சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.