மீனுக்குப் போட்ட பந்தல்

1931 மார்ச் 9, திங்கள்
இன்று குளம் அழித்தார்கள். ஐப்பசி மழை பொய்த்துத் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. மீன் பிடிக்க ஊரே கூடையும் கையுமாக உள்ளே இறங்கியது. வழக்கம்போல் மதகடிக் குழியை மட்டும் தொடவில்லை. அதில் கிடக்கும் விரால்தான் அடுத்த மழைக்கு விதை. எருமைக்கார முத்துநாயகம் அண்ணன் மட்டும் விடவில்லை. "இந்த வெயிலுக்குக் குழியும் வத்தும். கொக்கு திங்கியத நாம தின்னா என்னவாம்?" என்றார். என் வீட்டுக்காரர் அவரோடு மல்லுக்கு நின்று, கடைசியில் குழிக்காவல் இவர் தலையிலேயே விழுந்தது. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது இவருக்குப் புதிதா?

ஏப்ரல் 4, சனி
நாளை ஈஸ்டர். எனக்கு ஆறாம் மாதம். மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து வைத்த விரால் குழம்பு நினைவாகவே இருக்கிறது. ஒரே ஒரு மீன் கேட்டேன். "ஏட்டி, காவல்காரன் வீட்டுல மீன் மணந்தா, நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்?" என்கிறார். நியாயம்தான். நியாயத்தைக் கொண்டு குழம்பு வைக்க முடியுமா?

ஏப்ரல் 20
குழியில் தண்ணீர் இடுப்பளவுதான். தொட்டால் சுடுகிறது. இவர் பனையோலை வெட்டி அதன்மேல் பந்தல் போட்டிருக்கிறார்! எனக்கு ஒருநாள் விசிறி எடுத்து வீசாத மனிதர். சொல்லிக் காட்டினேன். சாயங்காலம் வீசினார், நாலே வீச்சில் தூங்கிவிட்டார்.

மே 11, திங்கள்
ஏழாம் மாதப் பலகாரத்தோடு தக்கலையிலிருந்து தம்பி ஜெயசிங் வந்தான். கூடவே குடத்தில் உயிரோடு ஒரு விரால். இவர் கொட்டாரம் சந்தைக்குப் போன நேரம், வருகிற வழியில் நம் குழியிலேயே பிடித்திருக்கிறான். காவல் விஷயம் அவனுக்குத் தெரியாது. "உனக்குன்னே பந்தல் போட்டு வளத்த மாதிரி கிடந்துது, அக்கா" என்றான்.

மாமியார் அதற்குள் அம்மிக்குப் போய்விட்டார். "தானா வந்தத விடாத, மக்கா. யாரு காணப்போறா?"

யார் காண வேண்டும்? மணம் போதாதா? நம் அடுப்பில் இது கொதித்தால், பொழுது சாய்வதற்குள் ஊரே குழிக்குள் நிற்கும். அப்புறம் ஏது விதை? ஆனா எனக்கு நாக்கு ஊறுதே — நான் என்ன செய்வேன், கர்த்தாவே!

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கவே போய்க் குழியில் விட்டேன். கரையில் முத்துநாயகம் அண்ணன் நின்றார். "என்ன பிள்ளே, மீனக் குளிப்பாட்டவா வந்தே?" வீட்டுக்கு வந்து அழுதேன். மீனுக்காக இல்லை, குழம்புக்காக.

இவர் வந்ததும் நடந்ததைக் கேட்டுக்கொண்டார். வீங்கிய என் காலை மடியில் எடுத்து வைத்து நீவிக்கொண்டே இருந்தார். இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது!

ஜூன் 9
மழை. மழை. மழை.

ஜூலை 22
பையன். இவர் சாயல், நல்லவேளை, மூக்கு என்னுடையது.

ஆகஸ்ட் 30, ஞாயிறு
கோயிலில் ஆராதனை முடிந்து திரும்பும்போது பார்த்தேன் — படித்துறையோரம் தண்ணீர் சிவப்பாக நகர்கிறது. விரால் குஞ்சுகள்! அடியில் தாயும் தகப்பனும் கூடவே போகின்றன. முத்துநாயகம் அண்ணன் எருமைகளை மறுகரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "இங்க இறக்கப்பிடாது பிள்ளே, குஞ்சு மிதிபடும்" என்று என்னிடமே புத்தி சொல்கிறார்!

1932 மார்ச் 7, திங்கள்
மறுபடியும் குளம் அழித்தார்கள். பெரிய மீன் குறைவுதான். ஆனாலும் ஒரு கூடையும் வெறுமையாகக் கரையேறவில்லை. குழியை விட்டுவிட்டார்கள், இந்த முறை சண்டை இல்லாமல். வயல் வேலை இருப்பதால் காவலுக்கு முடியாது என்று இவர் சொல்லிவிட்டார். வேறு யார் என்று பேச்சு வந்ததும் முத்துநாயகம் அண்ணன்தான் முதலில் வாய் திறந்தாராம். "அவன் பெண்டாட்டியப் போடுங்க. வாயும் வயிறுமா இருக்கும்போதே கைக்கு வந்ததக் கொண்டு விட்டவ." எல்லோரும் சிரித்தார்கள், ஒருவரும் மாட்டேன் என்று சொல்லவில்லையாம்.

ஆக, குழிக்கு இந்த வருஷம் காவல் நான். பையனையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். போகட்டும். இவன் போடுகிற கூச்சலுக்கு ஒரு கொக்கும் இறங்காது.