நம்பர் பேட் இல்லாத கீபோர்டு

மார்ச் 3

என் கீபோர்டு இன்று செத்தது. கொன்றவர் மாப்பிள்ளை.

என் மேஜைமேல் காபி டம்ளர் வைக்கக் கூடாது என்று ஜாடையாக எத்தனை தடவை சொல்லியாயிற்று! மாப்பிள்ளையிடம் நேராகச் சொல்ல முடியாதே. மாப்பிள்ளைத் துரைக்கு ஜாடையெல்லாம் புரியாது. போனில் பேசிக்கொண்டே என் அறைக்குள் உலாத்தினார், டம்ளரை வைத்தார், கீபோர்டு வயரில் கை மாட்டி இழுத்தார். மொத்தக் காபியும் உள்ளே போய்விட்டது. "ஸாரி அத்தை" என்று ஒரு சிரிப்பு வேறு. வீடு பற்றி எரிந்தாலும் இந்த ஆள் இப்படித்தான் சிரிப்பார்.

"பரவாயில்லைங்க மாப்பிள்ளை" என்றேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மார்ச் 4

ஆடிட்டரிடம் கரண்ட் இல்லை என்று பொய் சொன்னேன். ஹார்டுவேர் கடை, லாட்ஜ், மருந்துக் கடை என்று மூன்று இடத்துச் சம்பளக் கணக்கையும் அவர் எனக்கு அனுப்புகிறார். வீட்டிலிருந்தே போட்டுக் கொடுக்கிறேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆரம்பித்த வேலை. இப்போது அவளுக்கே ஏழாம் மாதம்.

புது கீபோர்டு நான் போய் வாங்கி வருகிறேன் என்றால் மாப்பிள்ளை விடவில்லை. "உடைச்சது நான், வாங்கித் தர வேண்டியதும் நான்தான். வயர்லெஸ்ஸா, மவுஸோட சேர்ந்த செட்டா பார்க்கிறேன்" என்றார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றேன். சிரமமே இல்லையாம். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவரல்லவா, கடைக்குப் போய்க் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து வாங்குவது அவருக்குக் கேவலம், ஆன்லைனில்தான் ஆர்டர் போடுவாராம்.

மார்ச் 6

கேள்வி, கேள்வி, கேள்வி. கீ அழுத்தினால் சத்தம் வரலாமா? பென்சில் பேட்டரியா, சார்ஜ் போடுவதா? மவுஸ் பெரிதா, சிறிதா? கையைக் காட்டச் சொல்லி உள்ளங்கையை அளந்துகூடப் பார்த்தார். ஒரு மவுஸ் வாங்க இத்தனை சடங்கு.

கடைசியில், "வலது பக்கம் நம்பர் பேட் வேணுமா அத்தை?" என்றார்.

இதற்கு மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னேன். "அது இல்லாம எனக்கு வேலையே இல்லைங்க மாப்பிள்ளை. மேல ஒரே வரிசையில இருக்கிற நம்பரைத் தேடித் தேடி அடிச்சா ஒரு நாள் வேலை ஒரு வாரம் இழுக்கும்." தலையாட்டினார். மகளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

மார்ச் 11

இன்னும் வரவில்லை. ஆடிட்டரிடம் எத்தனை நாள் கரண்ட் போகும்?

மார்ச் 13

வந்தது.

சம்பந்தி வீட்டார் வந்திருந்த நேரமாகப் பார்த்து எல்லார் முன்னாலும் மகளும் மாப்பிள்ளையும் பெட்டியை நீட்டினார்கள். பிரித்தேன். சாம்பல் நிறம், கைக்கு அடக்கம், பார்க்க அழகுதான். வலது பக்கம் ஒன்றுமில்லை. எழுத்துகள் முடிகிற இடத்தில் கீபோர்டே முடிந்துவிட்டது.

"இடத்தை அடைக்காது பாருங்க" என்றார் சம்பந்தி அம்மா. நான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தேன். அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு.

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன்.

மறுபடி எழுதுகிறேன், எனக்கே நம்ப முடியவில்லை. கேட்டார். நான் சொன்னேன். கேட்டுக்கொண்டு, அது இல்லாததாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். மறதியா? உள்ளங்கையை அளந்த ஆளுக்கா மறதி?

மார்ச் 16

காரணம் புரிந்துவிட்டது. குழந்தை பிறக்கும் வரை என்று சொல்லித்தான் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தார்கள். இன்று மாப்பிள்ளை என் அறை ஜன்னலை அளக்கிறார். கொசுவலை அடிக்கவாம். குழந்தைக்கு இந்த அறைதான் காற்றோட்டமாம். கீபோர்டு சின்னதாக இருந்தால் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மூலையே எனக்குப் போதும் அல்லவா? நல்ல கணக்கு. என்னைவிட நன்றாகவே கணக்குப் போடுகிறார்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். நம்பர் பேட் மட்டும் தனியாக விற்கிறதாம், வாங்கிக்கொள்கிறேன் என்றேன். "அவர் வாங்கினது உதவலன்னு சொன்ன மாதிரி ஆகிடும். மாப்பிள்ளை மனசு நோகும். கொஞ்ச நாள் பழகிப் பாரேன்" என்றார். மாப்பிள்ளைக்கு மனசு இருக்கிறது. எனக்கு விரல்தானே இருக்கிறது.

மார்ச் 24

பழகவில்லை. வலது கை தானாகவே ஓரத்துக்குப் போகிறது, அங்கே வெறும் மேஜை. பார்க்காமல் அடித்துப் பழகிய கை இது. இப்போது ஒவ்வொரு எண்ணாகக் குனிந்து தேடுகிறேன், நிமிர்ந்தால் எந்த வரியில் இருந்தேன் என்று தெரியவில்லை. கழுத்து விண்விண் என்கிறது.

மகள் எட்டிப் பார்த்து, "கஷ்டமா இருந்தா விட்டுடேம்மா, இந்த வயசுல எதுக்கு?" என்றாள். "நீ முதல்ல மாத்திரை போட்டியா? போட்ட துணி போட்ட இடத்துல கிடக்கு, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா" என்று அவளை ஒரு பிடி பிடித்தேன். கொஞ்சம் மனசு லேசானது. அவளிடமாவது வாயைத் திறக்க முடிகிறது.

மார்ச் 31

ஹார்டுவேர் கடையில் மூட்டை இறக்குகிறவருக்குப் பாதிச் சம்பளம்தான் போயிருக்கிறது. நான் ஒரு எண்ணை மாற்றி அடித்திருக்கிறேன். அவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டாராம். போடாமல் என்ன செய்வார்?

ஆடிட்டர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "உங்களுக்கு முடியலன்னா சொல்லிடுங்கம்மா. அடுத்த மாசத்துக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என் கணக்கை அவர் திருப்பிப் பார்த்ததே கிடையாது.

ஏப்ரல் 1

வெடித்துவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சாம்பல் சனியனைக் கொண்டுவந்து மாப்பிள்ளை தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "நம்பர் பேட் வேணும்னு சொன்னேனா இல்லையா? காதுல விழுந்துச்சா இல்லையா? என் அறை வேணும்னா கேளுங்க, என் வேலையில ஏன் கை வைக்கிறீங்க?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். இது என் வீடு, பிடிக்கலைன்னா வேற வீடு பாருங்க என்றுகூடச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டார், வழக்கம்போல.

மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "தப்புதான் அத்தை. நான் சரியாப் பார்க்கல" என்றார்.

அவ்வளவுதான். திருப்பித் திட்டியிருந்தாலாவது எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

ஏப்ரல் 2

எப்படி எழுதுவது?

காலையில் மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு மகள் சமையலறையில் வந்து நின்றாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன், திரும்பவில்லை.

"அவரத் திட்டாதம்மா. அவர் பெரிய கீபோர்டுதான் எடுத்து வச்சிருந்தாரு. நான்தான் மாத்தி ஆர்டர் போட்டேன். பெட்டியப் பிரிச்சப்பதான் அவருக்கே தெரியும்."

ஏன் என்றேன்.

"சொன்னா நீ வேலைய விடமாட்ட. கையில வரலன்னா நீயே வெறுத்துப் போய் விட்டுடுவேன்னு நெனச்சேன். பொறந்தப்புறம் எனக்கு ஆள் வேணும்மா. பயமா இருக்கு."

"கேட்டிருக்கலாமே?"

"கேட்டா செஞ்சிருப்பியா? சின்ன வயசுல பக்கத்துல படுக்க வச்சு இடது கையால தட்டிக் குடுப்ப. வலது கை நம்பர் மேலயே இருக்கும். அந்தக் கை எப்ப என் பக்கம் வரும்னு பார்த்துக்கிட்டே தூங்கிடுவேன். எனக்குத் தெரியாதாம்மா, அது இல்லன்னா உன்னால முடியாதுன்னு?"

அதுதான். தெரிந்து செய்திருக்கிறாள். மாப்பிள்ளையால் இதை யோசித்திருக்கவே முடியாது. என் கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? வெட்ட வேண்டிய இடம் பெற்ற பெண்ணுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. அவளைத் திட்டவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3

கம்ப்யூட்டர் கடைக்கு நானே போனேன். "ஆண்ட்டி, இப்பல்லாம் சின்ன மாடல்தான் ஓடுது" என்றான் கடைக்காரன். ஓடட்டும். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றில் கீ சப்பையாக இருந்தது, இன்னொன்றில் என்டர் கீ விரலுக்கு எட்டவில்லை. நாலாவது சரியாக உட்கார்ந்தது. மவுஸும் கைக்குள் அடங்கியது. தடித்தடியாக, பார்க்கச் சகிக்காத கறுப்பு செட்.

ஆடிட்டருக்கு போன் செய்து நடந்தது கீபோர்டு கோளாறு, ஆள் கோளாறில்லை என்றேன். ஒரு மாதம் பார்க்கிறாராம்.

மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "விடுங்க அத்தை, காபி கொட்டினது நான்தானே" என்று அதே சிரிப்பு. இன்னும் எரிச்சலாகத்தான் இருக்கிறது அந்தச் சிரிப்பு.

மே 2

சம்பளக் கணக்கு மூன்றும் தப்பில்லாமல் போயிற்று. ஆடிட்டர் வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை.

ஜூலை 9

பேரனுக்கு ஐம்பது நாள் ஆகப்போகிறது. மாப்பிள்ளை மத்தியான ஷிப்டுக்கு மாறியிருக்கிறார், காலையில் அவர் பார்த்துக்கொள்கிறார், மத்தியானத்துக்கு மேல் நான். என் அறையில் தொட்டிலும் இருக்கிறது, மேஜையும் இருக்கிறது. மாப்பிள்ளையை இப்போது நேராகவே திட்டுகிறேன். "கண்ணை எங்க வச்சிருக்கீங்க, ஈரத்துணியோட தூங்குது பாருங்க பிள்ளை" என்று இன்றுகூடச் சத்தம் போட்டேன். சிரித்துக்கொண்டே மாற்றினார்.

மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "ஏம்மா, என்னை மட்டும் இப்பல்லாம் திட்டவே மாட்டேங்கற?" என்றாள்.

"திட்டுற மாதிரி நீ ஒண்ணும் செய்யலையே" என்றேன். "உக்காரு, நிக்காத. ஏதாவது குடிக்கிறியா?"

வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பது போல இருந்தது. என் காதுக்கே அப்படித்தான் கேட்டது. அவள் உட்காரவில்லை. "வேணாம்மா" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.