தோற்கச் சொல்லி ஒரு மெழுகுதிரி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
10.11.2024

அன்பு மகன் மெல்ரோய்,

நாங்கள் சுகம். அமெரிக்கக் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போன் எடுத்தால் "ஓம் அம்மா, சாப்பிட்டன் அம்மா" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் கையால் எழுதி அனுப்பு. உன் எழுத்தைக் கண்டால் பக்கத்துக் கதிரையில் நீ இருக்கிற மாதிரி எனக்கு.

உங்கள் பல்கலைக்கழக அமெரிக்கன் புட்போல் அணி ஐந்து ஆட்டம் வென்றுவிட்டதாம். ஆறு வென்றால் டிசம்பர் கடைசியில் இன்னொரு பெரிய ஆட்டம். வெல்லாவிட்டால் நத்தாருக்கு நீ வீட்டில். போன வருடமும் இப்படித்தான் ஆறாவதை வென்று என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய். ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். ஞாயிறு தோறும் பூசை முடிய, நீங்கள் தோற்கவேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துகிறேன்.

இங்கே பள்ளிக்கூட உதைபந்து இறுதி ஆட்டத்தில் கோலுக்கு மேலால் அடித்து மாஸ்டரிடம் ஏச்சு வாங்கினவன் நீ. "மேலால அடிக்கிறதுக்கெண்டே ஆள் பிடிக்கிற ஊரும் இருக்கே" என்று அப்பா இன்னும் சிரிக்கிறார்.

வழி பார்த்திருக்கும் அம்மா,
அஞ்சலினா


1.12.2024

அன்பின் அம்மாவுக்கு,

மாதா உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. நேற்று ஆறாவது ஆட்டத்தையும் வென்றோம். கடைசி அடி என்னுடையது. அதைச் சொல்லும்போதே உங்கள் முகமும் கண்ணுக்குள் வருகிறது. கோபிக்காதீர்கள்.

27ஆம் திகதி இரவு ஆட்டம். உங்களுக்கு மறுநாள் விடியப்புறம். இதைப் 'பவுல்' ஆட்டம் என்பார்கள். பருவத்தில் நன்றாக ஆடிய அணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து வேறொரு ஊரில் மோத விடுவார்கள். ஒரே ஆட்டம், அதோடு எல்லாம் முடிந்தது. எனக்கும் கடைசி வருடம் என்பதால் இனி ஆட்டமே இல்லை. முழு நேரமும் என்னைத் தேடிக் களைக்காதீர்கள். மற்றவர்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முட்டி மோதுவார்கள். மேற்கொண்டு போக ஏலாத இடத்தில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். நிமிர்ந்து நிற்கிற இரண்டு கம்பத்துக்கு நடுவால், குறுக்குக் கம்பத்துக்கு மேலால் நான் அடிக்கவேண்டும். பச்சைச் சட்டை, இலக்கம் நாற்பத்தேழு.

வென்றாலும் தோற்றாலும் ஜனவரி ஐந்தாம் திகதி வீட்டில் நிற்பேன். விமான ரிக்கெற் எடுத்துவிட்டேன். இந்த ஒரு தரம் மட்டும் மெழுகுதிரியை விட்டுவிடுங்கோ அம்மா.

உங்கள் மகன்,
மெல்ரோய்


8.12.2024

அன்பு மகன்,

உன் கடிதத்தை அப்பா இரண்டு தரம் வாசித்தார். துறைமுகத்தில் கப்பல்களைக் கட்டி இழுத்து வருகிற மனிசனுக்குப் பெற்ற பிள்ளையை இழுக்கத் தெரியவில்லை. உன் பழைய பந்துக்குக் காற்று அடித்து அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறார்.

பின்வளவு இரண்டு தென்னைக்கு நடுவால் நீ அடிக்கிற பந்தெல்லாம் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸாவின் கூரையில்தானே விழும். அவள் நேற்று மதிலடியில் நின்று, "அஞ்சலினா அக்கா, உங்கட மகன்ர பந்து விழாம என்ர ஓடெல்லாம் பாசி பிடிச்சுப் போச்சு" என்றாள். அவளிடம்தான் பெரிய ரீவி இருக்கிறது. ஆட்டம் பார்க்க எங்களை இப்போதே வரச் சொல்லிவிட்டாள்.

மெழுகுதிரியை நான் விடமாட்டேன், நத்தாருக்கு உன்னை வரவிடாத ஆட்டம் அது. இத்தனை நாள் காதில் வாங்காத மாதா இந்த முறையாவது கேட்கட்டும். நத்தாருக்குக் கிண்டுகிற தொதலில் உன் பங்கு ஜனவரிவரைக்கும் கெடாது.

அம்மா


29.12.2024

அம்மா,

பார்த்திருப்பீர்கள். ஒரு புள்ளி பின்னுக்கு நின்றோம், கடைசி அடி. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய தூரம். வெளியால் போனது.

ஒருவரும் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருக்கிறது. மலை மாதிரிப் பெடியன்கள் துவாயால் முகத்தை மூடி அழுதார்கள். அவர்களுக்கும் அதுதான் கடைசி ஆட்டம்.

உங்கள் மெழுகுதிரி கடைசியில் வேலை செய்துவிட்டது. இவ்வளவு நாளும் பகிடியாகத்தான் எடுத்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை.

ஐந்தாம் திகதி நான் வரவில்லை. பயணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டேன். எப்போது என்று தெரியாது. போன் எடுக்காதீர்கள்.

மெல்ரோய்


3.1.2025

என் மகனே,

போன் எடுக்கவேண்டாம் என்றாய், எடுக்கவில்லை. இதை மட்டும் வாசி.

அன்றைக்கு விடியவே நிஸா வீட்டுக்குப் போனனான். மெழுகுதிரியை இடைவேளையில் போய்க் கொளுத்தலாம் என்று பையில் வைத்திருந்தேன். நீங்கள் வரிசையாக ஓடி வரும்போது ரீவியில் உன் முகத்தைக் கிட்டக் காட்டினார்கள். மெலிந்து போனாய். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லித் தந்த செபம்தான் என்று எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகும் நீ தோற்கவேண்டும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இடைவேளையில் பாண்ட் வாத்தியக்காரர் மைதானத்தைச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்க, நான் வீட்டு உடுப்போடு மாதா கோயிலுக்கு ஓடினேன். "என்ர பிள்ளை வெல்லட்டும் தாயே. அவன் வராட்டியும் பரவாயில்லை" என்று கொளுத்திவிட்டு ஓடி வந்தேன்.

கடைசிப் பந்து உயரப் போகவும் நிஸா கை தட்டினாள். நான் தட்டவில்லை. நான் பந்தைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். நிஸாவின் கூரை ஓட்டை உடைத்த நாட்களில் மாதிரி இடது கையால் பிடரியைப் பிடித்தாய். அந்த இடத்தில் நின்று உன்னை இழுத்து மடியில் வைத்துக்கொள்ள எனக்கு ஏலாமல் போனது.

தோற்கச் சொல்லிக் கொளுத்தின நாளெல்லாம் வென்றாய். வெல்லச் சொல்லிக் கொளுத்தின அன்றைக்குத் தோற்றாய். நான் கேட்கிறதற்கு எதிராகத்தான் மாதா செய்கிறா. உன் காலில் பிழை சொல்லாதே.

அப்பா நேற்றுப் பந்தை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். தென்னைக்கு நடுவால் தானே அடித்துப் பார்த்தார். நிஸாவின் ஓடு ஒன்று போய்விட்டது. மாரி மழை அவள் குசினிக்குள் ஒழுகுகிறது. சொட்டுகிற இடத்தில் சட்டி வைத்திருக்கிறாள். அப்பா ஏணியோடு போக, "நீங்க விடுங்க அண்ணன், அது அவன் வந்து மாத்தட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இன்று மாதத்தின் முதல் வெள்ளி. பூசை முடிய எல்லாரும் போகும் வரைக்கும் இருந்துவிட்டு, என் மகன் வீட்டுக்கு வரவே வேண்டாம் என்று மாதாவிடம் கேட்டு, இருந்ததிலேயே பெரிய மெழுகுதிரியாக ஒன்று கொளுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மா