அட்டை கழன்ற அரக்கர்கள்

ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே மனிதர்கள் மூவரும் பூதங்கள் ஐம்பத்திரண்டும் நலம். நீங்களும் உங்கள் எக்ஸ்ரே இயந்திரமும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மாற்றலாகிப் போகும்போது மாடி அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "உங்கப்பன் இதெல்லாம் குப்பைம்பான். உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றீர்கள். எட்டு மாதமாக ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. பெயின்ட் பிரஷால் ஒவ்வொன்றாகத் தூசி தட்டுகிறேன். தகர எலும்புக்கூட்டுக்குச் சாவி கொடுத்தால் இப்போதும் நான்கு அடி நடந்துவிட்டுத்தான் விழுகிறது. மூன்று தலை ரப்பர் பூதத்தின் நடுத்தலை கொஞ்சம் பிசுபிசுக்கிறது. வெயில் படாத தட்டுக்கு மாற்றிவிட்டேன். பற்பசையோடு இலவசமாக வந்த குட்டிப் பூதங்கள் பதினாறும் வரிசையில் இருக்கின்றன. மண்டையோட்டுப் பென்சில் சீவியில் மட்டும் ஒருநாள் அப்பா பென்சில் சீவிவிட்டார். கேட்டதற்கு, "சீவிதானே, சும்மா வாயைத் திறந்துட்டு உக்காந்திருந்துச்சு" என்கிறார். தூளைத் துடைத்துவிட்டேன்.

இப்போது பெரிய செய்தி. போன மாதம் உங்கள் 'கிலி' பேய்க்கதைப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பின்கள் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை இறங்கியிருந்தது. ஐந்தாம் இதழில் ஓர் இராமபாணப்பூச்சி ஓடியது. எங்கள் பள்ளிக்கு ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் பைண்டர் வந்து, நூலக வராந்தாவில் ஒரு வாரம் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களையும் ரிஜிஸ்டர்களையும் கட்டித் தருவார். நாங்கள் அவரைப் பசை அண்ணன் என்போம். நான் நூலகத் தலைவி என்பதால் நூலக டீச்சர் அனுமதி கொடுத்தார். அத்தை, முப்பத்தோரு இதழ்களும் இப்போது மூன்று தொகுதிகள். துருப்பிடித்த பின்களைக் கழற்றி, நூலால் தைத்து, ஓரங்களை மெஷினில் ஒரே சீராக வெட்டி, சிவப்புக் காலிகோ துணி ஒட்டிய அட்டை போட்டுத் தந்தார். முதுகில் தங்க எழுத்தில் 'கிலி 1', 'கிலி 2', 'கிலி 3'. கசங்கிக் கிழிந்த பழைய மேலட்டைகளை எடுத்துவிட்டார். இனி நூறு வருடம் ஆனாலும் ஒரு தாள் உதிராது.

நீங்கள் வந்து பார்க்கும்போது உங்கள் முகம் எப்படி மலரும் என்று தினமும் கற்பனை செய்கிறேன்.

அன்பு மருமகள்
(பூதசாலைக் காப்பாளர்)

*

ஜூலை 16

மருமகளே,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏதாவது ஒரு வரியை நான் தப்பாகப் படித்திருப்பேன் என்று இரண்டாவது முறை பார்த்தேன். இல்லை.

அந்த மேலட்டைகளைத்தான் நான் பதினான்கு வருடம் தேடினேன். பழைய பேப்பர் கடைகளில் மூட்டை மேல் உட்கார்ந்து, தும்மித் தும்மி, ஒன்றொன்றாகப் பொறுக்கினேன். முதல் இதழ்தான் கடைசியாகக் கிடைத்தது. பின் துருப்பிடித்தால் துருவோடு இருக்கட்டும். ஓரம் மடங்கினால் மடங்கியே இருக்கட்டும். அதை வெட்டிச் சீராக்கினால் அது வேறு ஏதோ ஒரு புத்தகம். நான் நாள் முழுக்க முகமில்லாத எலும்பைப் பார்க்கிறவள். வீட்டிலாவது கொஞ்சம் முகங்கள் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். நீ முகத்தை எல்லாம் எடுத்துவிட்டு எலும்பைத் தைத்து வைத்திருக்கிறாய்.

உன்னைத் திட்டவில்லை. திட்டினால் நீ அழுவாய், அண்ணன் எனக்குப் போன் செய்வான், பழைய சண்டையெல்லாம் மறுபடி வரும். என்னோடு வேலை செய்யும் நர்சின் கணவர் வேன் வைத்திருக்கிறார். ஆகஸ்ட் 20 அன்று உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறார். பொம்மை, புத்தகம், முகமூடி எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வை. என் அறை சிறியதுதான். கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொள்கிறேன்.

மாடி அறைச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிடு.

அத்தை

*

ஜூலை 21

அன்புள்ள அத்தைக்கு,

வழக்கமாக நீங்கள் 'தலைமைப் பூதம்' என்று கையெழுத்துப் போடுவீர்கள். இந்த முறை 'அத்தை' என்று மட்டும் இருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

நன்மை செய்கிறேன் என்றே நினைத்தேன். நூலகத்தில் ஒரு புத்தகம் உதிர்ந்தால் நாங்கள் அதைத்தான் செய்வோம். ஆனால் மாடி அறை நூலகம் இல்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். உங்களை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற ஆசையில் கேட்காமல் விட்டேன். அதுதான் தப்பு.

அம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன். "உங்கத்தை மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பா, "நல்லதாப் போச்சு, ஒரு ரூம் மிச்சம்" என்றார். ஆனால் சாப்பிட உட்கார்ந்த பிறகு, "அவ அப்படியா எழுதியிருக்கா?" என்று கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

நேற்று பள்ளி விட்டதும் பசை அண்ணன் கடைக்குப் போனேன். அட்டைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"எந்த அட்டை, பாப்பா?"

"பூதம் போட்ட அட்டைங்க."

"ஓ, அந்தக் கண்ணு முழிச்ச பயலுங்களா? வழவழ தாளு, அதுல பசை சரியா ஒட்டாது. ஆனா முதுகுக்குள்ள வெச்சா கல்லு மாதிரி நிக்கும். கொஞ்சத்தை நறுக்கி உங்க ஸ்கூல் ரிஜிஸ்டருக்கே வெச்சுட்டேன். மிச்சம் கோணில கெடக்கு. பாரு."

மேசைக்கு அடியில் இருந்த கோணிப்பையைத் தரையில் கொட்டி, வெட்டிய ஓரத்தாள் குவியலுக்குள் தேடினோம். அத்தை, இருபத்து நான்கு அட்டைகள் கிடைத்தன. முழுசாக. முதல் இதழின் அட்டையும் இருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பசை அண்ணன் தண்ணீர் கொடுத்து, "சொல்லியிருந்தா அட்டையோடயே சேத்துத் தெச்சிருப்பேனே" என்றார். அன்று அப்படிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மீதி ஏழு அட்டைகளையும் தேடி நாளை தலைமையாசிரியையைப் பார்க்கிறேன். வேன் வருவதைத் தடுக்க இதைச் செய்யவில்லை. பொம்மைகளைப் பெட்டியில் வைக்கத் தொடங்கிவிட்டேன்.

மருமகள்

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வாசலில்தான் நிற்கிறேன்.

ஏழு அட்டைகளும் எந்த ரிஜிஸ்டர்களில் இருக்கின்றன என்று பசை அண்ணன் சொல்லிவிட்டார். வருகைப் பதிவேடுகள் நான்கு, சேர்க்கைப் பதிவேடு ஒன்று, ஆய்வகச் சாமான் பட்டியல் இரண்டு. எல்லாம் நீள நீளமாக நறுக்கி முதுகுக்குள் ஒட்டப்பட்டிருக்கின்றன. தலைமையாசிரியை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ரிஜிஸ்டரைப் பிரிக்கணுமா? எதுக்கு?"

"உள்ள ஒரு அரக்கன் இருக்கார் மேடம்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "இந்த ஸ்கூல்ல ரிஜிஸ்டருக்கு வெளியிலயே நிறைய இருக்காங்க. கிளாஸுக்குப் போ."

அந்த ஏழும் போனவைதான், அத்தை. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பார்சலில் இருபத்து நான்கு அட்டைகளையும் இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வைத்திருக்கிறேன். முதல் தொகுதியையும் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்தேன் என்பதை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு என்ன முடிவு எடுத்தாலும் சரி.

பெட்டிகள் ஆறு. ஒவ்வொன்றின் மேலும் பட்டியல் ஒட்டியிருக்கிறேன். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றோடொன்று படாமல் துணியில் சுற்றியிருக்கிறேன். நேற்று அப்பா மாடிக்கு வந்து, காலியான அலமாரியைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, வீடு பொக்கை வாய் மாதிரி இருக்கு" என்றார்.

எனக்கு இங்கே வேறு சினேகிதிகள் அதிகம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பூதங்கள் உங்களிடம் வந்துவிட்டால் எதைப் பற்றி உங்களுக்குக் கடிதம் எழுதுவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுவேன். பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை.

மருமகள்

*

ஆகஸ்ட் 12

என் அருமை மருமகளே,

முதலில் இதைப் படி. வேன் வராது. நர்சம்மாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "அப்பாடா, எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பயம்தான்" என்றார்கள். பெட்டிகளை அவிழ்த்து எல்லாரையும் அவரவர் இடத்தில் வை. சாவியை அண்ணியிடமிருந்து வாங்கிக்கொள். நான் சொன்னதாகச் சொல்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பார்சல் ஆஸ்பத்திரிக்கே வந்தது. அட்டைகளை எண்ணினேன். இருபத்து நான்கு. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஏழை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. பிறகு சிவப்புத் தொகுதியை எடுத்தேன். திட்டுவதற்கு ஆதாரம் வேண்டுமே என்றுதான் திறந்தேன். நடுவில் எங்கேயோ விரிந்தது. 'நீர்த்தொட்டி அரக்கன்', மூன்றாம் பாகம்.

உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியே யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உங்கப்பனிடம். நான் அந்தத் தொடரைப் படித்ததே இல்லை. ஒவ்வோர் இதழும் கிடைத்த அன்றே உறையில் போட்டு ஒட்டிவிடுவேன். திறந்தால் முதுகு விரியுமே என்று பயம். பதினான்கு வருடம் தேடி முப்பத்தோரு இதழ் சேர்த்திருக்கிறேன், அதில் ஒரு கதை இருக்கிறது என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது.

மூன்றாம் பாகத்திலிருந்து முதல் பாகத்துக்குப் போனேன். ஐந்து மாடிக் கட்டடம், மொட்டை மாடித் தொட்டிக்குள் அரக்கன், அது தெரிந்த ஒரே ஆள் பிளம்பர். "தண்ணி ஏன் வெதுவெதுன்னு வருது?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அவன் பாவம் விழி பிதுங்கிப் பொய் சொல்கிறான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணிக்கட்டு உடைந்த ஒருவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்து, "மேடம், என் கையி..." என்றார். படம் எடுத்து முடித்துவிட்டு, ஃபிலிம் வரும்வரை அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார். நான் பக்கத்தைத் திருப்பினால், "இருங்க, இருங்க" என்கிறார். டாக்டர் வந்து என்ன புத்தகம் என்று கேட்டார். முதுகில் தங்க எழுத்தைப் பார்த்து ஏதோ மருத்துவப் புத்தகம் என்று நினைத்துப் போய்விட்டார். பஸ்ஸையும் விட்டுவிட்டு வீடுவரை நடந்தேன்.

நான் கோபத்தில் எழுதியதற்கு நீ போட்ட கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். கோபம் போய் வெட்கம் வந்தது, வெட்கத்தில் பேனா ஓடவில்லை. அண்ணன் போன் செய்தான், தெரியுமா? "பொண்ணு சரியா சாப்பிடறதில்ல. உன் பொம்மைங்க இங்கயே இருக்கட்டும்" என்றான். அவன் வாயில் 'பொம்மைங்க' என்று வந்ததே பெரிது. இத்தனை காலம் குப்பை என்றுதானே சொன்னான்.

அட்டைகள் என்னிடமே இருக்கட்டும். சுவரில் மாட்டிக்கொள்கிறேன். கதைகள் உன்னிடம் இருக்கட்டும். இனி எதையாவது தைக்க வேண்டும் என்று கை அரித்தால் முதலில் எனக்கு எழுது. நன்றாகச் சாப்பிடு.

பத்தாம் இதழின் கடைசிப் பக்கத்தில் பிளம்பர் தொட்டி மூடியைத் தூக்குகிறான், உள்ளே யாரும் இல்லை, அதோடு நிறுத்திவிட்டான் கதை எழுதிய படுபாவி. மணிக்கட்டுக்காரர் மாதக் கடைசி வியாழக்கிழமை கட்டு மாற்ற வருகிறார். அதற்குள் இரண்டாம் தொகுதி இங்கே இருக்க வேண்டும். அரக்கன் எங்கே போனான் என்று மட்டும் எழுதிவிடாதே.

உன்
தலைமைப் பூதம்