பீங்கானில் பதிந்த கட்டைவிரல்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், என் சுவிட்சுக்குத்தான் பத்து நாளாக உடம்பு சரியில்லாமல் இருந்து இப்போது தேறியிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன், இங்கிருந்து வேறென்ன செய்ய முடியும்.

"எங்கம்மா சுவிட்ச் செய்றாங்க" என்று நீ சொல்லப் போய் உன் சிநேகிதிகள் என்னை எலக்ட்ரீஷியன் என்று நினைத்தது பழைய கதை. அப்பா இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார், அடுப்படி சுவிட்ச் ஆறு மாதமாக ஆடுகிறது என்று தினம் ஒரு குத்தல். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் வாயுவை ரேடியோ அலையால் சூடேற்றிப் பிளாஸ்மா ஆக்குகிறார்கள், அந்த அலையின் அசுர சக்தியைக் கண் சிமிட்டுவதற்குள் விடவும் நிறுத்தவும் வேண்டும், அதுதானடி என் சுவிட்ச். மூன்று வருஷ உழைப்பு. போன வாரம் முழுச் சக்தி கொடுத்த முதல் தடவையே உள்ளே படாரென்று பொறி பறந்து எல்லாம் நின்றுபோனது. திறந்து பார்த்தால், மின்சாரம் தாவாமல் தடுக்க உள்ளே வைத்த வெள்ளைப் பீங்கானில் யாரோ வெறும் விரலால் தொட்ட பிசுக்கு கருகியிருக்கிறது. கையுறை இல்லாமல் தொடாதே என்று அறை முழுக்க நோட்டீஸ் ஒட்டியவள் நான், எனக்கு வந்ததே கோபம்! பீங்கானைப் பொருத்தியவர் எங்கள் ஃபிட்டர், ஆகவே அவர்தான் என்று முடிவுகட்டி, ஆறு பேர் முன்னால் கத்தித் தீர்த்து, இருபது வருஷமாக அதே அறையில் இருந்தவரை ஸ்டோருக்கு மாற்றச் சொல்லி டைரக்டருக்குக் கடிதமும் கொடுத்துவிட்டேன். அதற்கு மனுஷர், "கையுறையோடவே வீட்டுக்கு வந்துடுறேன்னு என் பொண்டாட்டி திட்டுறா மேடம்" என்றார், அவ்வளவுதான்.

அதற்கும் எனக்குக் கோபம் ஏறியது. மை அட்டை கொண்டுவரச் சொல்லி எல்லோருடைய கட்டைவிரலையும் தாளில் பதிய வைத்தேன், நியாயமாகத் தெரியட்டுமே என்று கடைசியில் என்னுடையதையும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான், கருகிய ரேகைக்குக் குறுக்கே ஒரு தழும்பு. நீ ஐந்தாவது படிக்கும்போது உன் அட்டை வீட்டுக்கு ஜன்னல் வெட்டப் போய் நான் பிளேடால் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேனே, அதே தழும்பு. என் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம்தான் நினைவு வந்தது, பீங்கான் பொருத்திய அன்று காலை நீ கூப்பிட்டாய். மூன்று வாரம் கழித்து உன் ஃபோன். கையுறை போட்ட விரலுக்கு அந்தப் பாழாய்ப்போன திரை அசையவில்லை, பல்லால் கையுறையை இழுத்துப் போட்டுவிட்டுப் பேசினேன். சும்மாதான் கூப்பிட்டேன் என்றாய். அந்தச் சந்தோஷத்தில் கையுறையை மறந்து, பீங்கான் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஓர் அழுத்து அழுத்தியிருக்கிறேன்.

அதே ஆறு பேர் முன்னால் ஃபிட்டரிடம் மன்னிப்புக் கேட்டேன், வெட்கமாகத்தான் இருந்தது. டைரக்டரிடம் போய்க் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். வேறு பீங்கானை ஃபிட்டரே பொருத்தினார், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை இருநூறு தடவை ஓட்டினோம், ஒரு பொறி இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. வேலை நேரத்தில் கூப்பிடாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. எப்போது தோன்றுகிறதோ கூப்பிடு. "பாப்பா ஃபோன் பண்ணா நான் உங்க காதுல புடிச்சுக்கிறேன் மேடம், நீங்க கையுறையைக் கழட்டாதீங்க" என்று ஃபிட்டர் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கையுறையோடு காத்திருக்கும்
அம்மா