பட்டியலின் முதல் கோத்திரம்

11 பிப்ரவரி 2001, ஞாயிறு

இன்றும் அந்தப் பெங்களூர்ப் பெண்ணிடமிருந்து திட்டு. ஆங்கில எழுத்தில் தமிழ் மெயில். "உங்கள் படிவத்தை மூன்றாம் தடவையாக நிரப்பினேன். திரையில் ஜன்னலைக் கொஞ்சம் பெரிசாக்கினேன், எழுதினதெல்லாம் போச்சு. நான் கல்யாணமே பண்ணிக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

பெயர் ஹம்சவேணி. சேலத்துப் பெண், பெங்களூரில் ஆராய்ச்சி. அவள் லேபில் நெட்ஸ்கேப் பிரவுசர் மட்டும்தானாம். சங்கத்தில் இருப்பது எக்ஸ்ப்ளோரர், அதில் படிவம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. ஆறு நாள் கப்பலூரில் பிளாஸ்டிக் குடக் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, ஏழாம் நாள் காமராசர் சாலைக்கு வந்து நம் சௌராஷ்டிர சங்கத்தின் வரன் இணையதளத்துக்கு உழைக்கிறேன். சம்பளம் காபி. அதற்கு இந்தப் பேச்சு வேறு!

18 பிப்ரவரி, ஞாயிறு

நெட்ஸ்கேப் சிடி வாங்கிப் போட்டேன். அவள் சொன்னது நிஜம். ஜன்னலைத் தொட்டால் பக்கம் மறுபடி முதலிலிருந்து வருகிறது, எழுதியது அம்போ. சரிசெய்து மெயில் போட்டேன். சாயங்காலம் அவள் விவரம் வந்து சேர்ந்தது. எண் 412.

எல்லார் விவரத்தையும் நான் படிப்பதில்லை. இதைப் படித்தேன். வயது 27. "என்னைப் பற்றி" என்ற கட்டத்தில், "கோபம் வரும். வந்தால் சொல்லிவிடுவேன்" என்று எழுதியிருந்தாள். சிரித்துவிட்டேன். பிறகு கீழே பார்த்தேன். கோத்திரம்: காசியபம்.

என்னுடையதும் அதுதான். ஒரே கோத்திரம் என்றால் தங்கச்சி முறை. சரி தங்கச்சி, நல்லா இரு.

4 மார்ச், ஞாயிறு

தளத்தில் "விருப்பம்" பொத்தான் சேர்த்தேன். பிடித்த வரனின் எண்ணைப் போட்டு அழுத்தினால் அவர் பக்கத்துக்குச் செய்தி போகும். கோத்திரம் யாருக்கும் வெளியே தெரியாது, புரோகிராமே பார்த்துக்கொள்ளும். ஒரே கோத்திரமாக இருந்தால் என்ன செய்ய என்று செயலாளர் பாலசுந்தரம் அண்ணனைக் கேட்டேன்.

"சத்தமில்லாம எடுத்துருப்பா. பேரு வெளிய வந்துச்சுன்னா ரெண்டு வீட்லயும் சங்கடம்."

புரோகிராமும் அப்படியே எடுத்துவிடுகிறது. அனுப்பியவருக்கு "நன்றி, உங்கள் விருப்பம் சேர்ந்துவிட்டது" என்று ஒரு வரி. அழகாக இருக்கிறது.

11 மார்ச், ஞாயிறு

அவள் சங்கத்துக்கு போன் செய்தாள். குரல் மெயிலைவிடச் சின்னது. முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்பினால் கட்டங்கள் காலியாகின்றன என்றாள். அவள் அங்கே அழுத்த, நான் இங்கே பார்க்க, முக்கால் மணி நேரம். நம் சௌராஷ்டிர பாஷையில்தான் பேசினோம், எழுதும்போது தமிழாகிவிடுகிறது.

அண்ணா என்று கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே இருந்தேன். கூப்பிடவில்லை. ஸ்ரீநாத் என்றாள்.

18 மார்ச்

போன். ஒரு மணி நேரம். கோளாறு பற்றிப் பத்து நிமிடம்.

8 ஏப்ரல், ஞாயிறு

"ஏழாம் நம்பர் நீங்கதானே?" என்றாள். ஆமாம், அம்மா வற்புறுத்தி என்னையும் பதிய வைத்தாள் என்றேன். "போட்டோவில் ஏன் இப்படி முறைக்கிறீங்க?" வெளிச்சம் கண்ணில் அடித்தது என்றேன். அவள் சிரித்ததை விளாங்குடி வரை பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்தேன்.

டேய், தங்கச்சிடா.

22 ஏப்ரல்

நெட்ஸ்கேப்பில் இப்போது ஒரு கோளாறும் இல்லை. அதற்காக வருத்தப்படும் ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

27 மே, ஞாயிறு

இன்று அவள் குரலில் ஏதோ இருந்தது. "ஸ்ரீநாத், நாங்க அனுப்புறதெல்லாம் உங்களுக்கு ஒழுங்கா வந்து சேருதா?"

"ஒண்ணு விடாம வருது," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அப்படியா," என்றாள். பிறகு லேபில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

17 ஜூன்

போன் இல்லை. போன ஞாயிறும் இல்லை. மேசைப் போன் இரும்புப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

அம்மா இன்று இரண்டு ஜாதகம் காட்டினாள். வேண்டாம் என்றேன். "யாரைத்தான்டா நெனச்சுக்கிட்டு இருக்க?" என்று கேட்டாள். என்ன சொல்ல? நினைக்கவே கூடாத இடத்தில் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்றா?

29 ஜூலை, ஞாயிறு

மெயில். மூன்று வரி. "என் விவரத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். வீட்டில் அத்தை மகனையே பேசி முடித்துவிட்டார்கள். உதவிக்கு நன்றி."

எடுத்துவிட்டேன். முறைப்படி சந்தோஷப்பட வேண்டும். சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

12 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் ராகேஷின் அப்பா சங்கத்துக்குள் புயலாக நுழைந்தார். ராகேஷ் அமெரிக்காவில் படிக்கிற பையன், அங்கிருந்தே படிவம் நிரப்பியவன். இவர் கேட்டிருந்த பெண்வீட்டார் இங்கே விசாரித்தபோது, ஒரே கோத்திரம் என்று நாங்கள் சொல்லிவிட்டோமாம்.

"நாங்க எப்பய்யா காசியப கோத்திரம் ஆனோம்? எங்க அப்பா, தாத்தா எல்லாரும் பாரத்வாஜம். நீங்க என்ன, கம்ப்யூட்டர்ல கோத்திரம் மாத்திக் குடுக்குறீங்களா?"

பையன் தப்பாகத் தேர்ந்திருப்பான் என்றேன். "உங்க கோத்திரத்த நீங்க தப்பாப் போடுவீங்களா தம்பி?" என்றார். பையன் எந்த பிரவுசரில் நிரப்பினான் என்று மெயிலில் கேட்டிருக்கிறேன்.

15 ஆகஸ்ட், புதன்

ராகேஷ் பதில்: நெட்ஸ்கேப்.

கம்பெனி லீவு. காலையிலிருந்து சங்கத்தில்தான். நடந்ததை எழுதிவிடுகிறேன். கோத்திரப் பட்டியலில் எதைத் தேர்ந்தாலும் நெட்ஸ்கேப் அதை என் புரோகிராமுக்குச் சொல்வதில்லை. காலியாக அனுப்புகிறது. காலியாக வந்தால் பட்டியலின் முதல் பெயரைப் போட்டுக்கொள் என்று நான்தான் எழுதியிருக்கிறேன். முதல் பெயர் காசியபம். அதை முதலில் வைத்ததும் நான்தான். தினம் ஐம்பது தடவை படிவத்தைச் சோதிக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி என் கோத்திரத்தைத் தேடச் சோம்பேறித்தனம். நெட்ஸ்கேப்பிலும் சோதித்தேனே! என் கோத்திரத்தைப் போட்டே சோதித்தேன், அது சரியாகவே வந்தது. அட மடையா, மடையா.

நெட்ஸ்கேப்காரர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். எல்லாரும் காசியபம். 412-உம்.

புரோகிராம் சத்தமில்லாமல் எடுத்துப்போட்ட விருப்பங்கள் ஒரு கோப்பில் இருக்கின்றன. இதுவரை திறந்ததில்லை.

18 மார்ச். 412-இலிருந்து 7-க்கு. ஒரே கோத்திரம். நீக்கப்பட்டது.
8 ஏப்ரல். 412-இலிருந்து 7-க்கு. நீக்கப்பட்டது.
20 மே. 412-இலிருந்து 7-க்கு. நீக்கப்பட்டது.

ஐயோ.

நிஜமாகவே அவள் காசியபமாக இருந்துவிட்டால்? இருக்கட்டுமே. சாமி, இருந்துவிடட்டும். இருந்தால் எதுவும் கைவிட்டுப் போயிருக்காது.

16 ஆகஸ்ட், வியாழன்

இருபத்து மூன்று பேருக்கும் ஒரே மெயில். "தளத்தின் பிழையால் உங்கள் கோத்திரம் தவறாகப் பதிந்திருக்கலாம். சரியானதைத் தெரிவிக்கவும். மன்னிக்கவும்." அவளுக்கும் அதே. ஒரு சொல் கூட்டவில்லை. நிச்சயமான பெண்.

17 ஆகஸ்ட், வெள்ளி

பதில் வந்துவிட்டது.

"கௌசிகம். என்னவாகப் பதிந்திருந்தது?"

காசியபம் என்று எழுதினேன்.

பத்து நிமிடத்தில் அடுத்தது. அவளுக்கு விளக்க வேண்டியதில்லை, கோளாறு கண்டுபிடிப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரி. "உங்கள் கோத்திரம் காசியபமா?"

ஆமாம்.

"அப்படியானால் நான் அனுப்பியது உங்களுக்கு வரவே இல்லையா?"

நிறைய எழுதினேன். எல்லாவற்றையும் அழித்தேன். வரவில்லை என்று மட்டும் அனுப்பினேன்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

போன். அவள்தான் எஸ்டிடியில் கூப்பிட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் சேர்ந்துவிட்டது, நன்றின்னு வந்துச்சு," என்றாள். "அதான் நேரா கேட்டேன். ஒண்ணு விடாம வருதுன்னீங்க. அதுக்கு மேல எப்படிக் கேக்குறது?"

"ஹம்சா," என்றேன். அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"வேண்டாம் ஸ்ரீநாத். பத்திரிகை அடிச்சாச்சு. அத்தை பையன் நல்லவர். அவரை நான் என்ன சொல்லி நிறுத்துவேன், கம்ப்யூட்டர் தப்புன்னா?"

அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன். பாலசுந்தரம் அண்ணன் காபியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

2 செப்டம்பர், ஞாயிறு

இன்று முகூர்த்தம். சங்கத்திலிருந்து சேலத்துக்கு வேன் போயிருக்கிறது. "வாரியாப்பா, ஒரு சீட்டு காலியா இருக்கு," என்றார் அண்ணன். வேலை இருக்கிறது என்றேன். நிஜமாகவே இருந்தது.

அந்த "நன்றி" வரியை எடுத்தேன். இனிமேல் சேர்ந்தால்தான் சேர்ந்தது என்று சொல்லும். சேராவிட்டால் ஏன் என்றும் சொல்லும். நெட்ஸ்கேப்பும் தேர்ந்ததை அனுப்பும்படி மாற்றி, பட்டியலில் முதல் இடத்தை வெறுமையாக விட்டேன். தேர்ந்தெடுக்காமல் யாரும் தாண்ட முடியாது.

பிறகு நெட்ஸ்கேப்பில் சோதித்தேன். பெயர்: சோதனை. கோத்திரம்: கௌசிகம். விருப்பம்: 7. அனுப்பினேன். எக்ஸ்ப்ளோரரில் என் பக்கத்தைத் திறந்தேன். "உங்களுக்கு ஒரு விருப்பம் வந்துள்ளது" என்று இருந்தது. பதிவிலும் கோத்திரம் சரியாக இருந்தது, ஒரு கட்டமும் விட்டுப்போகவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைப் பதிவுகளைத் தளத்தில் விட்டுவைக்கக் கூடாது. அழித்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.